தோட்டத்து ஆலையின் உள்ளமைப்பும் தொழிலாளர் நலமும்

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் காடு திருத்திய செய்தியையும், கடல் கடந்து வந்த மக்களின் துயரத்தையும், லயத்து வாழ்வையும், கூலிப் போராட்டங்களையும் விரிவாகக் கூறியுள்ளனர். மரத்திற்கும் துறைமுகத்திற்கும் நடுவே நின்ற ஆலையின் உள்ளே நுழைந்து பார்த்தோர் சிலரே. ஆலை எவ்வளவு ரப்பர் செய்தது, எவ்வளவு எண்ணெய் பிழிந்தது என்னும் கணக்கு கிடைக்கிறது. அதனுள் பொறி எங்கு நின்றது, சாளரம் எப்பக்கம் திறந்தது, தரை எத்தகையது, அங்கு நின்று வேலை செய்தவரின் கண்ணும் கையும் காதும் என்னவாயின என்னும் செய்திகள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

கட்டடத்தின் உள்ளமைப்பு அதனைக் கட்டியவரின் நோக்கத்தைக் காட்டும். கோயிலின் அமைப்பில் வழிபாட்டின் முறை புலனாவது போல, ஆலையின் அமைப்பில் தொழிலின் முறை புலனாகும். கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூரிலும் எழுந்த பாலாலைகளையும் செம்பனை ஆலைகளையும் இந்நோக்கில் ஆராயின் ஒரு வினா எழுகின்றது. அவ்வாலைகளின் உட்புறம் யாருடைய நலத்தைக் கருதி ஒழுங்கு செய்யப்பெற்றது? பாலின் நலமா, பால் சுமந்து வந்தவரின் நலமா?

ஆற்றங்கரைத் தோட்டங்கள்

மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பார் ரப்பர் மரத்தை வாணிக நோக்கில் முதன்முதல் பயிரிட்டார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சிலாங்கூரின் மேற்குக் கரையெங்கும் ரப்பர் பரவியது. சிலாங்கூர் ஆற்றை ஒட்டியும் அதன் அருகிலும் உள்ள ராந்தாவ் பாஞ்சாங், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் ஆகிய பகுதிகளிலும், கிழக்கே உலு சிலாங்கூரின் கெர்லிங், காலும்பாங் பகுதிகளிலும் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து சென்ற மக்களே அவற்றில் பெரும்பாலும் உழைத்தனர். அவ்வாறு எழுந்த பத்தாங் பெர்ஜுந்தை என்னும் சிற்றூர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கப்பெறுகிறது.

செம்பனையின் வரலாறும் இந்த ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது. பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி போகோனியே 1905-இல் மலாயாவுக்கு வந்தார். அவர் முதலில் ராந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் சுமத்திராவிலிருந்து கிடைத்த செம்பனை விதைகளை அழகுக்காக நட்டார். பின்னர் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வாணிகப் பயிராக்கினார். மலேசியாவின் முதற் செம்பனைத் தோட்டம் இதுவே. தோட்டத்தின் பெயர் தமிழர் செவியில் தென்னை மரம் என்றே ஒலிக்கும். நாட்டின் முதற் செம்பனைத் தோட்டம் தென்னையின் பெயரால் வழங்கியது ஒரு வியப்பே. போகோனியே மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

ஆகவே இவ்வட்டாரத்தில் இருவகை ஆலைகளையும் ஒருசேரக் காண இயலும். ஒன்று மரத்தின் பாலைத் தகடாக்கும் ஆலை. தோட்டத்து மக்கள் அதனை ‘ஸ்டோர்’ என்றே வழங்கினர். மற்றொன்று செம்பனைக் குலையை அவித்துப் பிழியும் ஆலை. இரண்டின் உள்ளமைப்பும் வெவ்வேறு. ஆயினும் இரண்டும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன.

பாலின் வழியே அமைந்த கூடம்

பால் மரத்தினின்று வடிந்த சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். அதில் ரப்பர் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். பால் தானாகவே உறைந்துவிட்டால் தகடு நல்ல தரத்தில் அமையாது. ஆதலின் விடியுமுன் வெட்டத் தொடங்கிய பாலை நண்பகலை ஒட்டி ஆலையில் சேர்த்து, வடிகட்டி, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் செறிவு கண்டு, நீர் கலந்து நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு ரப்பர் இருக்குமாறு ஒழுங்கு செய்து, பார்மிக் அமிலம் சேர்த்துத் தொட்டிகளில் உறைய விடுவர். இலங்கையின் பேராதனையில் ஜான் பார்க்கின் என்னும் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசெட்டிக் அமிலத்தால் பாலை உறைய வைக்கும் முறையை ஆராய்ந்து வெளியிட்டார். தொழில் கைவினையினின்று ஆலை முறைக்கு மாற அது பெரிதும் உதவிற்று.

பாலின் இவ்வியல்பே ஆலையின் உள்ளமைப்பை வகுத்தது. நல்ல பாலாலையைச் சரிவான நிலத்தில் கட்டினர். பால் வந்து சேரும் மேடை உயரத்தில் இருக்கும். உறையும் தொட்டிகள் அதற்குக் கீழே இருக்கும். உருளைப் பொறிகள் அதற்கும் அடுத்து நிற்கும். பால் தன் எடையாலேயே வாய்க்கால் வழி இறங்கும். உறைந்த கட்டி நீரில் மிதந்தபடி பொறியின் வாயை அடையும். வாளியைத் தூக்குதல் குறையும். பால் சிந்துதலும் குறையும்.

இலங்கை மலைநாட்டுத் தேயிலை ஆலையிலும் இதே அறிவு விளங்குகின்றது. அங்கே கொழுந்தை மேல்மாடிகளில் பரப்பி வாட்டுவர். வாடிய கொழுந்து சரிவுக் குழாய் வழியே கீழ்த்தளத்து உருட்டுப் பொறியில் விழும். மலையகத் தமிழர் கொழுந்துக் கூடையை ஒருமுறை மேலேற்றினால் போதும். எஞ்சிய பயணத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஈரிடத்தும் சரக்கின் பயணத்தை முன்னிறுத்தியே கட்டடம் வகுக்கப்பெற்றது. அதனால் தொழிலாளரின் முதுகுச் சுமையும் ஓரளவு குறைந்தது.

பாலாலையின் தூய்மையும் இவ்வாறே வந்தது. தூசு படிந்த தகடு தரம் குறையும். கறை நீரில் கழுவிய ரப்பர் நிறம் மாறும். வட சிலாங்கூரின் சதுப்புக் காட்டு நீர் பழுப்பு நிறமும் புளிப்புத் தன்மையும் உடையது. எனவே தெளிந்த நீரைத் தேடுதல் ஆலைக்கு இன்றியமையாத வேலையாயிற்று. சிமெண்டுத் தரையைச் சரித்து வாய்க்கால் அமைத்தனர், நாள்தோறும் கழுவினர். கழுவிய தரை பாலுக்கு நன்று. அதன்மேல் வெறுங்காலோடு நிற்பவருக்கோ வழுக்கல் ஒருபுறம், அமிலம் கலந்த ஈரம் மறுபுறம். தரையில் நீர் வடிய வேண்டும் என்பதை முதலில் எண்ணினர். கால் வழுக்காதிருக்க வேண்டும் என்பதும் காலுக்குக் காப்பு வேண்டும் என்பதும் பின்னரே எண்ணப்பட்டன.

தண்டும் தோல்வாரும்

உள்ளமைப்பை வகுத்த இரண்டாம் காரணம் இயக்கும் ஆற்றல். மின்மோட்டார் பரவுவதற்கு முன் உலகெங்கும் ஆலைகள் ஒரே எஞ்சினை நம்பியிருந்தன. கூடத்தின் ஒரு கோடியில் எஞ்சின் நிற்கும். கூரையடியில் நீண்ட இரும்புத் தண்டு ஓடும். அத்தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் சுழற்றும். லங்காஷயர் நெசவாலையும் மதுரைப் பஞ்சாலையும் மலாயாப் பாலாலையும் இவ்வகையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இம்முறையில் பொறி நிற்கும் இடத்தை நிறுத்துபவர் முடிவு செய்ய இயலாது. தண்டே முடிவு செய்யும். பொறிகள் தண்டுக்கு இணையாக நெருங்கி நிற்க வேண்டும். தொங்கும் வார்கள் வெளிச்சத்தை மறைக்கும். நடக்கும் வழி குறுகும். தளர்ந்த சேலைத் தலைப்பும் தோளில் கிடந்த துண்டும் வாரில் சிக்கும் அச்சம் எந்நேரமும் உண்டு.

பாலாலையில் இதனினும் பெரிய இடர் உருளைகளின் வாயில் இருந்தது. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈரக் கட்டியைக் கையால் தள்ள வேண்டும். உருளை கட்டியை இழுப்பது போலவே விரலையும் இழுக்கும். ஈரமும் வழுவழுப்பும் உள்ள ரப்பர் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஒருவரது கை சிக்கிய கணத்தில் பொறியை நிறுத்த வேண்டுமாயின், வாரை வெற்றுச் சக்கரத்திற்குத் தள்ள வேண்டும். அல்லது எஞ்சின் அறைக்குக் குரல் கொடுக்க வேண்டும். அதற்குள் சில நொடிகள் கழிந்துவிடும். அச்சில நொடிகளில் ஒரு கை போய்விடும்.

ஒவ்வொரு பொறிக்கும் தனி மோட்டார் வந்தபின் நிலை மாறியது. தண்டும் வாரும் மறைந்தன. கூரையடி ஒளி பெற்றது. பொறிகளுக்கிடையே வழி அகன்றது. நிறுத்தும் விசை நிற்பவரின் கைக்கெட்டும் தூரத்திற்கு வந்தது. உருளையின் முன் ஒரு தடுப்புக் கம்பியை அமைத்து, உடல் அதன்மீது பட்டவுடன் பொறி நிற்குமாறு செய்யவும் முடிந்தது. நான்கைந்து இணை உருளைகளை வரிசையாக இணைத்து, முதல் வாயில் நுழைந்த தகடு தானே இறுதி வரிப்பள்ள உருளை வரை செல்லுமாறு செய்த தொடர்பொறி மற்றொரு நன்மையைத் தந்தது. முன்னர் ஒவ்வொரு பொறியிலும் கை உருளையை அணுகவேண்டியிருந்தது. தொடர்பொறியில் அது ஒரே இடத்தோடு நின்றது. ஐந்து இடர்கள் ஒன்றாகச் சுருங்கின. தொடர்பொறியை வாங்கிய நிருவாகம் ஆள்செலவையே முதலில் கருதியிருக்கும். ஆயினும் அதன் பயன் விரல்களுக்கும் கிட்டியது.

புகைக்கூடத்தின் உள்ளே

சரக்கின் நலமும் தொழிலாளரின் நலமும் ஒன்றோடொன்று மோதிய இடம் புகைக்கூடம். ஈரத்தகடு உலரவும் பூஞ்சை பிடிக்காதிருக்கவும் புகை வேண்டும். கூடத்தின் வெப்பம் முதலில் 40 பாகை செல்சியஸ் அளவில் தொடங்கி 60 பாகை வரை உயரும். பழைய கூடங்களில் தீ கட்டடத்திற்குள்ளேயே எரியும்; தகடுகள் மேலே கழிகளில் தொங்கும். கழியின் தழும்பு தகட்டில் விழாதிருக்க அவற்றைத் திருப்பிப் போட வேண்டும். அதற்காக ஓர் ஆள் வெப்பத்துள்ளும் புகையுள்ளும் புகுந்து, சட்டங்களின்மேல் ஏறி, கண்ணீர் வழிய வேலை செய்ய வேண்டும். உலர்ந்த ரப்பர் விரைவில் தீப்பற்றும் பொருள். ஒரு தகடு நழுவித் தீயில் விழுந்தால் கூடமே எரியக்கூடும்.

இந்நிலையை மாற்றியது சுரங்கவழிப் புகைக்கூடம். அடுப்பு கட்டடத்திற்கு வெளியே அமைந்தது. புகையும் வெப்பமும் குழாய் வழி உள்ளே சென்றன. தகடுகள் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளில் தொங்கின. ஒரு வாயிலில் ஈரத்தகட்டு வண்டியை ஏற்றினால், நாள்தோறும் சிறிது சிறிதாக நகர்ந்து, நான்கைந்து நாளில் மறுவாயிலில் உலர்ந்த தகட்டு வண்டி வெளிவரும். தொங்கவிடும் வேலையும் எடுக்கும் வேலையும் வெளியே நல்ல காற்றில் நடந்தன. 1925-இல் சட்டவழி நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பாலாலை முறைகளை ஆராய்ந்து தோட்டங்களுக்கு வழிகாட்டி வந்தது. அதன் ஆய்வு நிலையம் கோலசிலாங்கூருக்குத் தென்கிழக்கே சுங்கை பூலோவில் இருந்தது. புதிய கூடத்தின் சிறப்பாக விறகுச் சிக்கனமும், உலரும் நாள் குறைந்தமையும், சீரான தகடும் பேசப்பட்டன. புகையினின்று ஒரு மனிதன் வெளியே வந்தது அக்கணக்கில் எழுதப்படாத ஆதாயம்.

சட்டம் வந்த வரிசை

பாலுக்கு ஏற்ற அமைப்பு தொழிலாளருக்கும் ஏற்றதாய் அமைந்த இடங்களில் மாற்றம் தானே வந்தது. அமையாத இடங்களில் சட்டம் வரவேண்டியிருந்தது. அச்சட்டங்கள் வந்த வரிசை ஊன்றி நோக்கத்தக்கது.

சிலாங்கூரில் பாதுகாப்பு நோக்கி எழுந்த முதற் சட்டம் 1892-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம். அப்போது இம்மாநிலத்தில் ரப்பர்த் தோட்டமே இல்லை. ஈயச் சுரங்கங்களில் நீராவிப் பொறிகள் இருந்தன. கொதிகலன் வெடித்தால் கட்டடமும் பொறியும் முதலாளியின் பணமும் சேர்ந்தே போகும். ஆதலின் அதன் ஆய்வு முதலில் வந்தது. அடுத்து 1913-ஆம் ஆண்டின் பொறிச் சட்டம் 1914-இல் நடைமுறைக்கு வந்தது; 1932-இல் அது திருத்தி அமைக்கப்பெற்றது; 1953-இல் புதிய பொறிச் சட்டம் வந்தது. பொறியைப் பதிவு செய்தல், ஆய்தல், வேலியிடுதல் ஆகியன இவற்றின் பொருள். இங்கிலாந்தில் பொறிக்கு வேலியிட வேண்டும் என்னும் விதி 1844-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மற்றொருபுறம், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு லயத்தையும் குடிநீரையும் மருத்துவமனையையும் பற்றிப் பேசியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி அமைக்கச் செய்யவும் அது இடம் தந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பல அதன் பயனாகத் தோன்றியவை. இவ்வாறு ஒரு சட்டம் தொழிலாளியின் வீட்டைப் பார்த்தது. மற்றொரு சட்டம் அவர் முன் நின்ற பொறியைப் பார்த்தது. வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பொறியின் முன் எட்டு, பத்து மணி நேரம் நின்ற மனிதரின் கண், காது, மூச்சு, களைப்பு ஆகியவை அவ்விரு சட்டங்களுக்கும் இடையே பெரும்பாலும் விடுபட்டன.

அவ்விடைவெளியைத் தொழிலாளரே சுட்டிக்காட்டினர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற இந்தியர் சங்கத்தின் வழி எழுந்த வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு வேறு பல கோரிக்கைகளும் வைக்கப்பெற்றன. நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேலை வாங்குவது ஒழியவேண்டும் என்பதும், தக்க மருத்துவ வசதி வேண்டும் என்பதும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும், மேலாளர் எதிர்ப்பட்டால் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கம் நீங்கவேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். கோரிக்கை படையால் அடக்கப்பட்டது; நாதன் நாடு கடத்தப்பட்டார். எனினும் உழைப்பவர் தம் உடலைப் பற்றியும் மதிப்பைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசிய நாளாக அது வரலாற்றில் நிற்கின்றது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரம்பிட்டது. 2023 முதல் வார வரம்பு 45 மணியாகக் குறைந்துள்ளது.

ஆலையின் உட்புறத்தைச் சட்டம் முழுமையாக நோக்கியது 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, பொறிச் சட்டத்தில்தான். அது 1970-இல் விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. தரை, காற்றோட்டம், ஒளி, குடிநீர், கழிப்பிடம், முதலுதவி ஆகியன அப்போதுதான் வேலைத்தலத்தின் உறுப்புகளாகச் சட்டத்தில் ஒருங்கே இடம்பெற்றன. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு முன்பே, புதிய ஆலையில் ஆளுக்கு 500 கன அடி இடம் வேண்டும் என்றும், 14 அடிக்கு மேற்பட்ட உயரத்தை அக்கணக்கில் சேர்த்தலாகாது என்றும் கூறியிருந்தது. உயரமான கூரையைக் காட்டி நெருக்கத்தை மறைக்கலாகாது என்பதே அதன் கருத்து.

மலேசியாவில் 1994-இல் தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் வந்தது. 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளரும் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று அது விதித்தது. 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் முதல் நீக்கப்பெற்று, அதன் பொருள் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. கொதிகலன் முதலில், பொறி அடுத்து, மனிதர் கடைசியில். முதலிலிருந்து கடைசி வரை நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றுள்ளது.

செம்பனை ஆலையும் இரவு வேலையும்

1960-களிலும் அதன் பின்னரும் இவ்வட்டாரத்தின் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாக மாறின. அதனோடு ஆலை வாழ்வும் மாறியது. பாலாலையில் வேலை பெரும்பாலும் பகலோடு முடியும். செம்பனைக் குலையோ வெட்டியபின் காத்திராது. அடிபட்ட பழத்தில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துப் புளிப்பாக்கும். எனவே குலையை விரைவில் நீராவியில் அவிக்க வேண்டும். விளைச்சல் மிகுந்த மாதங்களில் ஆலை இரவும் பகலும் ஓடும். முறை மாற்றி வேலை செய்யும் பழக்கமும் மின்விளக்கின் கீழ் விழித்திருக்கும் இரவும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அவ்வாறு வந்தன.

அவிக்கும் கலம் இவ்வாலையின் நடுநாயகம். ஏறத்தாழ மூன்று மடங்கு வளியழுத்தத்தில் குலைகள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகும். பழைய நிற்கும் கலத்தில் மேல்வாய் வழியே குலையைக் கொட்டி, வெந்தபின் கீழ்க்கதவைத் திறந்து, ஆவி பறக்கும் பழத்தைக் கோலால் இழுத்து வெளியேற்ற வேண்டும். அவ்வேலையின் கடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. படுக்கைக் கலம் வந்தபின் குலைகள் இரும்புக் கூண்டு வண்டியில் ஏறித் தண்டவாளத்தில் உள்ளே சென்று, வெந்து, மறுபுறம் வெளிவந்தன. ரப்பர்ப் புகைக்கூடத்தில் நிகழ்ந்த அதே மாற்றம் இங்கும் நிகழ்ந்தது: சரக்கு வெப்பத்துள் சென்றது, மனிதர் வெளியே நின்றார்.

ஆயினும் கதவு எஞ்சியது. உள்ளே அழுத்தம் இருக்கையில் கதவைத் திறந்தால் அது உயிர்க்கொல்லியாகும். அழுத்தம் முற்றும் நீங்கினாலன்றித் திறவாத பூட்டமைப்பை இதற்குத் தீர்வாகக் கண்டனர். கவனமாக இரு என்று ஆளுக்குச் சொல்லும் அறிவுரையைவிட, தவறு செய்ய இயலாதவாறு கதவையே அமைத்தல் மேலானது. களைத்த இரவில் அறிவுரை மறந்துபோகும், பூட்டு மறவாது. ஆலை அமைப்புக் கலையின் அடிப்படை இதுவே எனலாம்.

ஒளி, காற்று, ஓசை, சுமை

இங்கிலாந்து ஆலைகளில் வாள்பல் போன்ற கூரை அமைத்து, வடக்கு நோக்கிய கண்ணாடி வழியே வெயில் படாத ஒளியைப் பெறுவர். கோலசிலாங்கூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. ஆண்டின் ஒரு பாதியில் நண்பகற் கதிரவன் வடபுறம் நிற்பான். மறுபாதியில் தென்புறம் நிற்பான். அங்கே நிழல் தந்த சாளரம் இங்கே வெயிலைக் கொட்டும். ஆகவே இம்மண்ணிற்கு ஏற்றது, முகட்டின்மேல் மற்றொரு சிறு கூரையை உயர்த்தி, இடையே சூடான காற்று வெளியேற வழி விடும் அமைப்பு. அகன்ற தாழ்வாரமும், பக்கச் சுவரின் மேற்பாதியைத் திறந்து விடுதலும் அதற்குத் துணை. அத்தாப்புக் கூரை வேய்ந்த கம்பத்து வீடு முன்பே கற்றிருந்த பாடம் இது. தகரக் கூரை வந்தபோது அது சில இடங்களில் மறக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கற்கப்பட்டது.

ஒளியின் வரலாறு தகடு பிரிக்கும் அறையில் நன்கு விளங்கும். உலர்ந்த தகட்டை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, குமிழியும் தூசும் உள்ள இடத்தைக் கத்தரித்து, தரம் பிரிக்க வேண்டும். இவ்வேலையில் பெண்கள் பலர் ஈடுபட்டிருந்தனர். தகட்டின் குறை தெரியவேண்டும் என்பதற்காகவே அவ்வறைக்குப் பெரிய சாளரமும் ஒளிமேசையும் கிடைத்தன. ஆலையின் எஞ்சிய பகுதிகளில் உழைத்த கண்களும் அதே கண்கள்தாம். அங்கே தரம் பிரிக்கும் தேவையில்லாமையால் ஒளியும் தாமதித்தே வந்தது.

சுமையின் வரலாறும் அத்தகையது. புகைத்தகட்டை 250 இராத்தல் எடையுள்ள பெருங்கட்டாகக் கட்டி ஏற்றுமதி செய்தனர். ஒருவர் தூக்கும் பொருளன்று அது. பலர் சேர்ந்து உருட்டியும் புரட்டியும் நகர்த்துவர். 1965-இல் தரக்குறியீட்டு ரப்பர் முறை வந்தபோது கட்டியின் எடை ஏறத்தாழ 33 கிலோவாயிற்று. வாங்குவோரின் வசதியைக் கருதியே இம்மாற்றம் செய்யப்பட்டது. எனினும் முன்னைய கட்டின் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவான எடை முதுகெலும்பிற்கும் நன்மையாயிற்று.

ஓசைக்கு மட்டும் இத்தகைய தற்செயல் நன்மை வாய்க்கவில்லை. செம்பனை ஆலையின் கொட்டை உடைக்கும் பகுதியும், பிழிபொறியும், நீராவி வெளியேறும் குழாயும் எழுப்பும் இரைச்சல் எண்ணெயைக் கெடுப்பதில்லை. ஆதலின் அதனைக் குறைக்கச் சரக்கின் பக்கமிருந்து எந்தத் தூண்டுதலும் எழவில்லை. செவித்திறன் வலியின்றிக் குறையும் இயல்புடையது. இழந்தவருக்கே இழப்புத் தெரியப் பல ஆண்டுகள் செல்லும். 1989-ஆம் ஆண்டு விதி 90 டெசிபெல் என்று வரம்பிட்டது. 2019-ஆம் ஆண்டு விதி அதனை 85 ஆகக் குறைத்தது. சரக்குக்குத் தீங்கு செய்யாத துன்பமே கடைசியில் கவனிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை கிட்டுகின்றது. தோட்டத்து ஆலையின் உட்புறம் முதலில் பாலுக்காகவும் எண்ணெய்க்காகவுமே வகுக்கப்பெற்றது. சரக்கின் நலமும் உழைப்பவரின் நலமும் ஒரே திசையில் சென்றபோது, சரிந்த நிலமும் தூய நீரும் சுரங்கவழிப் புகைக்கூடமும் இருவருக்கும் உதவின. அவை பிரிந்து சென்ற இடங்களில், உருளையின் வாயும் ஆலையின் இரைச்சலும் நெடுங்காலம் அப்படியே இருந்தன. சட்டமும் சங்கமும் வந்தே அவற்றைத் தொட்டன. உழைப்பவரின் நலத்தைப் பின்னால் சேர்க்கும் அணியாக எண்ணாமல், கட்டடத்தின் கோடு வரையும்போதே எண்ண வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் படிப்பினை.

பழைய பாலாலைகள் பல இன்று மறைந்துவிட்டன. தொட்டிகளில் புல் முளைத்துள்ளது. உருளைகள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. ஆயினும் அவற்றுள் உழைத்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். எந்தக் கதவு எப்பக்கம் இருந்தது, பால் எவ்வழி ஓடியது, எங்கே நின்றால் காற்று வரும், எந்தப் பொறியின் அருகே பிள்ளைகளை விடமாட்டார்கள் என்பவற்றை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள். தமிழாசிரியர்கள் தம் மாணவரை அம்முதியோரிடம் அனுப்பி, கேட்டதைக் கொண்டு ஆலையின் தரைப்படத்தை வரையச் செய்வாராயின், கட்டுரைப் பயிற்சியும் கணக்குப் பயிற்சியும் வரலாற்றுப் பயிற்சியும் ஒருங்கே கைகூடும். ஆவணக் காப்பகங்களில் ஏற்றுமதிக் கணக்கு இருக்கும். பாட்டியின் விரல் எந்த உருளையருகே நசுங்கியது என்னும் குறிப்பு அங்கிராது. அதனை எழுதிவைக்க வேண்டியவர்கள் அவர்தம் பேரப்பிள்ளைகளே.